தம்பிக்கு சிஎம்எல் ரத்தப் புற்றுநோய். தினம் ஒரு மாத்திரை போதும் என்கிறார் டாக்டர். நம்பலாமா?

நம்பலாம். அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். 2012 நவம்பரில் எனக்கு சிஎம்எல் என்று தெரிந்தது. கோவையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இன்றைக்கும் காலையில் நானேதான் ஷட்டரைத் தூக்குகிறேன்.

தம்பிக்கு 34 வயது, வெள்ளை அணு கவுண்ட் ஒன்றரை லட்சம், கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். "இன்னும் எத்தனை நாள் இருப்பான்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் அக்கா கேட்டதும் இதே கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு முதலில் குறைந்தது சாப்பாடு. ஆறு இட்லி சாப்பிடுகிறவனுக்கு மூன்றிலேயே வயிறு நிறைந்துவிடும். கையும் காலும் இளைத்துக்கொண்டே வந்தன, வேட்டி மட்டும் இடுப்பில் இறுக்கியது. இடது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போலக் கனம். மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ரத்தம் கொடுத்தேன். 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் 2,14,000 இருந்தன. லேப்பில் நம்பாமல் இரண்டாம் முறை ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள்.

டாக்டர் குரோமோசோமிலிருந்து ஆரம்பித்தார். எனக்குப் பிடிபடவில்லை. என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். "ஸ்டார்ட்டர்ல கான்டாக்டர் பாயின்ட் கருகி ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்?"

"ஆஃப் பட்டனை அமுக்கினாலும் மோட்டார் நிக்காதுங்க."

"உங்க எலும்பு மஜ்ஜையில நடக்கறது அதுதான்."

மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 9ஆம் குரோமோசோமின் துண்டும் 22ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதில் பிறக்கிற புதுப் புரதம், "அணுக்களைப் பெருக்கு" என்ற கட்டளையை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் இந்த நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடச் சின்னதாக ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். அதனால்தான் ரிப்போர்ட்டில் பிலடெல்பியா குரோமோசோம் என்று இருக்கும். அது இரண்டு துண்டுகள் இடம் மாறியதால் வந்தது என்று 1973இல் கண்டுபிடித்தவர் ஜேனட் ரவுலி என்ற பெண்மணி. அந்தப் புரதத்தை அடக்கத்தான் நான் சாப்பிடுகிற இமாட்டினிப் மாத்திரை. அது விற்பனைக்கு வந்தது 2001இல்.

அந்தப் புரதம் வேலை செய்ய ஏடிபி என்ற பொருள் அதன் குழியில் வந்து உட்கார வேண்டும். அதுதான் அதற்குக் கரன்ட். இமாட்டினிப் முந்திக்கொண்டு அந்தக் குழியில் உட்கார்ந்துவிடுகிறது. ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மரக்கட்டையைச் செருகின மாதிரி. மோட்டார் நின்றுவிடும். ஆனால் ஒட்டிப்போன கான்டாக்டர் ஒட்டினபடியேதான் இருக்கும். கட்டையை எடுத்தால் மறுபடி ஓடும். தம்பிக்கு இதை மட்டும் நன்றாகப் புரிய வையுங்கள். நான் தப்பு செய்தது இந்த இடத்தில்தான்.

ஆரம்பித்து ஒரு மாதத்துக்குள் கவுண்ட் சரியாகிவிட்டது. வயிற்றுக் கனம் போனது, இட்லி பழையபடி ஆறானது. ஒன்றரை வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், காலையில் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து மாதம் போனது. கவுண்ட் அப்போதும் சரியாகவே இருந்தது. ஆனால் அந்தக் கோளாறான ஜீன் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் பிசிஆர் டெஸ்டில் 0.08 சதவீதத்தில் இருந்தது 2.6க்கு ஏறியிருந்தது.

டாக்டர் கேட்டபோதும் தினமும் சாப்பிடுகிறேன் என்றுதான் சொன்னேன். அன்று சாயங்காலம் என் மனைவி கடைக்கு வந்து மேசை டிராயரைத் திறந்தாள். மாதா மாதம் அவள் வாங்கிக் கொடுத்ததில் ஏழு அட்டை பிரிக்காமல் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினாள். "ஏனுங்க, இது யாருக்குங்க?" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் நானே போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். மருந்து எடுபடாதபடி ஜீனில் புது மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். நல்ல வேளை, இல்லை. மறுபடி 0.1க்குக் கீழே இறங்க ஏழு மாதம் ஆனது. அன்றிலிருந்து காலை டிபனோடு மாத்திரையும் ஒரு சொம்புத் தண்ணீரும் வந்துவிடும். நான் விழுங்கும் வரை அவள் நகர மாட்டாள்.

தம்பிக்கும் பக்க விளைவு வந்தால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், தானாக அளவைக் குறைக்க வேண்டாம். இமாட்டினிப்பை வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது. நாட்டு மருந்து, வேறு மாத்திரை எது சேர்ப்பதானாலும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இது கேட்காவிட்டாலும் டசாட்டினிப், நிலோட்டினிப் என்று அடுத்த வரிசை மாத்திரைகள் இருக்கின்றன. மஜ்ஜை மாற்று சிகிச்சை வரை போகிறவர்கள் இப்போது ரொம்பக் குறைவு.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு வருகிறேன். ஆரம்பக் கட்டத்திலேயே இமாட்டினிப் தொடங்கியவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், பத்து வருஷம் கழித்தும் நூற்றுக்குச் சுமார் 83 பேர் உயிரோடு இருந்தார்கள். அதனால் தம்பிக்கு நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். முதல் கட்டம் என்று சொன்னால் அழுகையை நிறுத்திவிடலாம்.

செலவுக்கும் பயப்பட வேண்டாம். ஒரு காலத்தில் இமாட்டினிப்பை முதலில் கொண்டுவந்த நோவார்ட்டிஸ் கம்பெனியின் மாத்திரை மாதம் ஒரு லட்சத்துக்கு மேல், நம் நாட்டில் தயாரித்தது பத்தாயிரம் அளவில். அந்தக் கம்பெனி காப்புரிமைக்கு 1998இல் விண்ணப்பித்தது சென்னை காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006இல் அங்கே நிராகரித்தார்கள். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை தர முடியாது என்று முடித்துவிட்டது. அப்போது நான் மாத்திரை தொடங்கி ஐந்தாம் மாதம். அந்தச் செய்தியைக் கத்தரித்து இன்றும் என் பைலில் வைத்திருக்கிறேன். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

கல்யாணத்தைக் கைவிட வேண்டாம். இது பரம்பரையாக வருவதில்லை, ஒட்டுவதும் இல்லை. ஏனென்றால் மாற்றம் மஜ்ஜை செல்லில் மட்டும்தான். இந்த மாத்திரை சாப்பிடும்போதே அப்பா ஆனவர்கள் நிறையப் பேர். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். (பெண்களுக்கு அப்படி இல்லை, மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது.) ஆறு மாதமோ ஒரு வருஷமோ தள்ளிப் போடுங்கள், பிசிஆர் இறங்கட்டும். பெண் வீட்டாரிடம் மட்டும் மறைக்காதீர்கள். தினமும் அந்த மாத்திரையை ஞாபகப்படுத்தப் போகிறவள் அந்தப் பெண்தான்.

வாழ்நாள் முழுக்கவா என்று தம்பி கேட்பான். சில வருஷம் மாத்திரை சாப்பிட்டு, பிசிஆரில் ஏறக்குறைய தடயமே இல்லாத நிலை இரண்டு வருஷமாவது நீடித்தால், டாக்டர் கண்காணிப்பில் நிறுத்திப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புவதில்லை. திரும்பினாலும் மாத்திரையைத் தொடங்கியதும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. எனக்கும் அந்தப் பேச்சு வந்தது. மாதா மாதம் டெஸ்ட் எடுத்துக்கொண்டு காத்திருக்க மனசு வரவில்லை, தொடர்கிறேன்.

இப்போதைக்கு நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாம் மாத பிசிஆர். 10 சதவீதமோ அதற்குக் கீழோ வர வேண்டும், ஒரு வருஷத்தில் 0.1. ரிப்போர்ட்டில் ஐஎஸ் (சர்வதேச அளவுகோல்) என்று குறித்த எண்ணைப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே லேப்பில் எடுங்கள். முதல் ரிப்போர்ட் வந்ததும் இதன் கீழேயே எண்ணை எழுதுங்கள், நான் பார்ப்பேன்.