நன்றிப் பட்டியலில் ஒரு தம்பி

கேள்வி: நான் ஜாஸோடு ராக் போன்ற இசையைக் கலக்கும் ஜாஸ் ஃப்யூஷன் டிரம்மர். பல வருடம் மற்றவர்களுக்கு வாசித்துவிட்டு, இப்போதுதான் முதல் தனி ஆல்பம் போடுகிறேன். எட்டு டிராக், ஆறு விருந்தினர்கள். கிளிக் (காதில் தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி) போடாமல் தம்பியும் நானும் டெமோ வாசித்தோம். அந்த டிரம்ஸை வைத்துக்கொண்டு, அவன் வாசித்த பேஸ் கிதாரை எடுத்துவிட்டுப் பெயர் பெற்ற ஒருவருக்கு அனுப்பினேன். மூன்று முறை வாசித்து மூன்று டேக் தந்தார், எதுவும் ஒட்டவில்லை. வேறு ஆளைத் தேடவா? தம்பி பெயரை நன்றிப் பட்டியலில் போட்டுவிடுவேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பதில்: சகோதரி, பேஸ் ஒட்டவில்லை என்ற குறை எனக்குப் புதிதல்ல. உங்கள் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். 'அவன் ஒன்றும் சொல்லவில்லை.' என்ன சொல்வான்? அக்காவின் முதல் ஆல்பத்துக்குக் குறுக்கே நிற்க எந்தத் தம்பிக்கு மனம் வரும்? அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்களே, அது தப்பு.

இசைக்கணக்கிலும் தப்புதான். டிரம்ஸ் வாசித்தபோது உங்கள் காதில் ஓடியது அவன் பேஸ். அவன் ஒரு நோட்டைச் சற்றுப் பிந்தி வைத்த இடத்தில் உங்கள் கிக் டிரம் காத்திருக்கும். அவன் முந்திய இடத்தில் நீங்களும் முந்தியிருப்பீர்கள். கிளிக் இல்லாத டேக்கில் உங்கள் இருவருக்கும் கிளிக்கே அதுதான். அதை அழித்துவிட்டு மிச்சத்தை ஒரு புதியவரிடம் கொடுத்தால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்? அவர் மேல் பழி போடாதீர்கள்.

ஃப்யூஷன் டிரம்மர் பில்லி காபம் 1973இல் தன் முதல் தனி ஆல்பமான 'ஸ்பெக்ட்ரம்' செய்தபோது, பல டிராக்குகளுக்கு பேஸ் வாசித்தவர் லீலண்ட் ஸ்க்ளார். பாடகர் ஜேம்ஸ் டெய்லரின் பாட்டுகளுக்கு வாசித்துப் பேர் எடுத்தவர்; ஃப்யூஷன் நட்சத்திரம் அல்ல. அந்த ஆல்பத்தில் 'ஸ்ட்ரேட்டஸ்' கேளுங்கள். அவர் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதால்தான் டாமி போலினின் கிதார் அப்படிப் பறக்கிறது. பேஸ் நாற்காலியில் உட்கார வேண்டியவர் விருந்தாளி அல்ல, சகோதரி. வீட்டு ஆள்.

இந்தியத் தாளக் கலைஞர் திரிலோக் குர்ட்டுவின் 'உஸ்ஃப்ரெட்' ஆல்பம் 1988இல் வந்தது. டான் செர்ரி, ரால்ஃப் டவுனர், எல். சங்கர் என்று பெரிய விருந்தினர்கள். அவர்களோடு பாடியவர் திரிலோக்கின் அம்மா, தும்ரி என்ற இந்துஸ்தானிப் பாட்டு வகையின் பாடகி ஷோபா குர்ட்டு. அம்மாவை அவர் நன்றிப் பட்டியலுக்கு அனுப்பவில்லை.

கூடப்பிறந்தவன் கணக்குக் கேட்கமாட்டான் என்பதற்காகவே அவனுக்குக் கடைசியில் கொடுப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். எனக்கு அது அறவே பிடிக்காது. கேட்காதவனுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது இது. அந்தப் பேஸ் கலைஞருக்குப் பேசிய தொகையை முழுதாகக் கொடுங்கள். காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள். அப்புறம் தம்பியிடம் நேரில் போங்கள். செய்தது தப்பு என்று சொல்லிவிட்டு, அவன் வாசித்ததைத் திரும்ப வைக்கலாமா என்று கேளுங்கள். விருந்தினருக்குத் தரும் சம்பளம் அவனுக்கும் உண்டு, பெயர் எட்டு டிராக்கிலும் உண்டு. மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். அப்போது அந்த டிரம்ஸையும் எடுத்துவிட்டு, வேறொரு பேஸ் கலைஞரோடு ஒரே அறையில் உட்கார்ந்து முதலிலிருந்து வாசியுங்கள்.