முதல் வாரம் போன 3 கிலோ

கேள்வி: எனக்கு வயது 38, உயரம் 158 செ.மீ., எடை 76 கிலோ. சென்ற மாதம் டயட் தொடங்கினேன். மூன்று வேளையும் சாப்பாட்டைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். மாவுப் பண்டங்களையும் இனிப்பையும் அடியோடு நிறுத்தினேன். முதல் வாரம் 3 கிலோ இறங்கியது. இரண்டாம் வாரம் 400 கிராம்தான். மூன்றாம் வாரம் முள் அசையவில்லை. நாலாவது வாரம் ஒரு விருந்தில் சாப்பிட்டேன், எல்லாம் உடைந்தது. இரண்டே நாளில் ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டது. இது என் நாலாவது முயற்சி. எனக்கு மன உறுதி கிடையாது என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இரண்டு மாதத்தில் தம்பிக்குக் கல்யாணம். எனக்குப் பிடித்த பழைய உடைக்குள் நுழைய வேண்டும். அதற்குள் பலன் தரும்படி ஒரு டயட் சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: டயட் எதுவும் சொல்லப்போவதில்லை. நாலு பார்த்துவிட்டீர்கள். ஐந்தாவதாக நான் ஒன்றை எழுதினால் அதுவும் உங்களை நாலாவது வாரத்தில் இதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. மன உறுதி இல்லாதவர் என்று உங்கள்மேல் விழுந்திருக்கும் பழியை முதலில் இறக்கி வைக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் உள்ள எண்களே அதற்குப் போதும்.

உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரைய சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். முதல் வாரம் போன 3 கிலோவும் கொழுப்பு என்றால் 23,000 கலோரிக்கு மேல் ஆகிறது. உங்கள் வயதுக்கும் எடைக்கும் ஒரு நாள் தேவை 2,000 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். ஏழு நாளும் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் கிடந்திருந்தாலும் 14,000தான் வரும். கணக்கு உதைக்கிறது அல்லவா? போனதில் பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் கொஞ்சத்தை உடம்பு கிளைகோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. அரைக் கிலோ அளவுக்கு இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு 3 கிராம் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு தீர்கிறது, தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. சாப்பாடு குறைந்தால் உப்பும் குறையும், குடலில் தங்கியிருக்கும் உணவின் எடையும் குறையும்.

இதே கணக்கை விருந்துக்கும் போடுங்கள். ஏறிய ஒன்றரைக் கிலோ கொழுப்பு என்றால், அந்த இரண்டு நாளில் உங்கள் வழக்கமான தேவைக்கும் மேலே 11,500 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். ஆறு நாள் சாப்பாட்டை இரண்டு நாள் சாப்பாட்டின் மேல் அடுக்குவது போல. யாராலும் முடியாது. வெளியே போன தண்ணீர்தான் திரும்பி வந்தது.

மிச்சம் இருப்பது இரண்டாம் வாரம். '400 கிராம்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் 'தான்' என்னை நிஜமாகவே வருத்தியது. நாளொன்றுக்கு 430, 440 கலோரி பற்றாக்குறை இருந்தால்தான் வாரத்துக்கு 400 கிராம் கொழுப்பு போகும். அது நல்ல வேகம். நிலைக்கக்கூடிய வேகமும்கூட. நாலு வாரத்தில் உண்மையான பலனுக்கு மிக அருகில் இருந்த எண் அதுதான். தண்ணீர் போனதற்குச் சந்தோஷப்பட்டீர்கள், தண்ணீர் வந்ததற்கு அழுதீர்கள், கொழுப்பு கரைந்த வாரத்தில் சலித்துக்கொண்டீர்கள். தப்பு உங்களிடம் இல்லை, 'ஒரே வாரத்தில் 3 கிலோ' என்று சொல்லிச் சொல்லியே நம் எல்லோரையும் பழக்கியிருக்கிறார்கள். மூன்றாம் வாரம் முள் நின்றதிலும் அதிசயம் இல்லை. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு உடம்பில் நீர் தங்கும், கரைந்த கொழுப்பை அந்த எடை மறைத்துவிடும்.

அப்புறம் மன உறுதி. 1944–45இல், போர்க்காலத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனை நடத்தினார். உடலும் மனமும் திடமாக உள்ளவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் சேர்ந்தார்கள். ஆறு மாதம் தேவையில் ஏறக்குறைய பாதி, அதாவது சுமார் 1,600 கலோரிதான் ஒரு நாள் உணவு. கால்வாசி எடை குறைந்தது. கூடவே வேறொன்றும் நடந்தது. நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களை வரி வரியாகப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். கட்டுப்பாடு தளர்ந்த பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறையாமல் தவித்தவர்களும் உண்டு. கொள்கைக்காகப் போருக்குப் போக மறுத்து நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கா மன உறுதி இல்லை? 2011இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வும் இருக்கிறது. பத்து வாரம் கடுமையான டயட்டில் எடை குறைத்தவர்களின் ரத்தத்தை ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும், பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. பட்டினி என்று கண்டால் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் போராடும். சாப்பாட்டைப் பாதிக்கும் கீழே குறைத்த நீங்கள் நாலாவது வாரம்வரை தாக்குப்பிடித்ததே பெரிது. வீட்டில் உள்ளவர்களுக்கு இந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

எந்த டயட் என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவு, மறு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவு. ஒரு வருடம். 2018இல் வந்த முடிவின்படி முதல் குழு சராசரியாக 5.3 கிலோ, இரண்டாவது குழு 6 கிலோ குறைந்திருந்தது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் 20 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொன்னது காய்கறி நிறைய, சர்க்கரையும் தீட்டிய மாவும் குறைவாக, முடிந்தவரை வீட்டுச் சமையல் என்பதுதான். என்னைக் கேட்டால், கல்யாணம் முடிந்த மறுநாளும் தொடர முடியாத எதையும் இன்று தொடங்காதீர்கள்.

சரி, நாளைக் காலையில் என்ன செய்வது? ஒரு நோட்டு வாங்குங்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கலோரி போடவில்லை. என்ன, எத்தனை மணிக்கு, எங்கே இருந்து சாப்பிட்டேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் பக்கத்தைப் புரட்டியபோது, 'எங்கே' என்ற இடத்தில் 'அடுப்படியில் நின்றுகொண்டு' என்று ஆறு முறை எழுதியிருந்தேன். ருசி பார்த்தது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது, பாத்திரம் கழுவுமுன் அடியில் இருந்ததை வழித்தது. எதையும் நான் சாப்பாடாக நினைத்ததே இல்லை. உட்கார்ந்து சாப்பிட்ட மூன்று வேளையும் அளவாகத்தான் இருந்தது. அப்புறம் எண்ணெய். பாட்டிலைச் சாய்த்துக் கண் அளவில் ஊற்றுவது என் வழக்கம், இரண்டு தேக்கரண்டி இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் சட்டியில் ஊற்றுவதைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, 15 மில்லி பிடிக்கும் அளவுக் கரண்டியால் மொண்டு பார்த்தேன். நாலு கரண்டி நிறைந்து, அடியில் இன்னும் கொஞ்சம் மின்னியது. ஒரு கரண்டிக்கு 120 கலோரி. அன்றிலிருந்து பாட்டிலின் பக்கத்திலேயே அந்தக் கரண்டி தொங்குகிறது. சமையலும் மாறவில்லை, ருசியும் மாறவில்லை.

கண் இப்படி ஏமாறுவது எனக்கு மட்டும் நடந்ததில்லை. 'எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறைவதில்லை' என்று சொன்ன சிலரை 1992இல் ஓர் ஆய்வில் அளந்து பார்த்தார்கள். அவர்கள் உண்மையில் சாப்பிட்டது, சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. யாரும் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நின்றுகொண்டு சாப்பிட்டது நினைவில் நிற்பதில்லை.

நோட்டில் ஒரு வாரம் ஓடிய பிறகு உங்களுக்கே ஓர் இடம் தெரியும். அநேகமாக அது மாலை ஐந்து மணியாகவோ இரவு பத்து மணியாகவோ இருக்கும். அந்த நேரத்துப் பசியோடு சண்டை போடாதீர்கள், மதியத்தைச் சரிசெய்யுங்கள். மதியம் கொறித்துவிட்டு எழுந்தவர் மாலையில் டப்பாவைத் திறக்காமல் இருக்கவே முடியாது. பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் என்று புரதம் உள்ள எதையாவது மதியத் தட்டில் தாராளமாக வையுங்கள், காயை இரண்டு மடங்கு ஆக்குங்கள். சர்க்கரை போட்ட பானங்களைக் குறையுங்கள், குடிப்பது வயிற்றை நிறைப்பதில்லை. தூக்கத்தையும் பாருங்கள். பத்துப் பேரை ஒரே அளவு குறைந்த உணவில் வைத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் வேறு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். தூக்கம் குறைந்த நாட்களில் எடை ஏறக்குறைய அதே அளவு இறங்கியது, ஆனால் கரைந்த கொழுப்பு பாதிக்கும் குறைவு. மீதி தசை முதலிய கொழுப்பு அல்லாத பகுதியிலிருந்து போனது.

நடைக்குப் போங்கள், ஆனால் சாப்பிட்டதைக் கழிக்கும் கணக்கில் நடக்காதீர்கள். அரைமணி நடை உங்கள் எடைக்கு 130, 140 கலோரிதான். குறைந்த எடை திரும்பாமல் காப்பதில்தான் நடையின் உதவி பெரிது.

எடைமெஷினைத் தினமும் பார்க்கலாம், காலையில் கழிவறைக்குப் போய் வந்த பிறகு, எதுவும் குடிக்கும் முன், தரையில் ஒரே இடத்தில் வைத்து. அன்றைய எண்ணை எழுதிவிட்டு மூடிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழு எண்களின் சராசரியை எடுத்து, போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். பேசத் தகுந்தது அந்த ஒரு எண்தான்.

விருந்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். விருந்து எதையும் உடைக்கவில்லை. மறுநாள் காலையில் 'போச்சு' என்று சொன்னீர்களே, அங்கேதான் உடைந்தது. இனி ஒரு வேளை கூடிவிட்டால் அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு. பட்டினி போட்டு ஈடுகட்ட வேண்டாம், பட்டினி அடுத்த விருந்தைத்தான் தேடும்.

தைராய்டு இருந்தாலோ, சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டாலோ, கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ, சாப்பாட்டைக் குறைக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். சாப்பிட்டதை ஒளிக்கவோ வாந்தி எடுக்கவோ தோன்றினால் டயட் பேச்சையே நிறுத்திவிட்டு அவரிடம் போங்கள்.

இப்போது கல்யாணம். எட்டு வாரம், வாரத்துக்கு 400 கிராம் என்றால் 3 கிலோவுக்குச் சற்று மேல். அதற்கு அதிகமாக நான் வாக்குத் தரமாட்டேன். சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 3,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2002இல் வெளியான ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிட நடையையும் இலக்காகக் கொடுத்தார்கள். அந்தக் குழுவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் 76 கிலோவில் 7 சதவீதம் என்பது ஐந்தேகால் கிலோ. கல்யாணத்துக்குப் பிறகு இன்னும் ஐந்தாறு வாரத்தில் அங்கே போய்விடலாம்.

அந்தப் பழைய உடையை இந்த வாரமே தையற்காரரிடம் கொடுங்கள். உள்தையலில் துணி இருந்தால், இன்றைய உங்கள் அளவுக்குப் பிரித்துவிடச் சொல்லுங்கள். பிரித்த துணியை வெட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தேவைப்படும்போது மறுபடி பிடித்துக்கொள்ளலாம்.