கிட்டல்மன் நோயும் காவடி விரதமும்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பிறவியிலேயே கிட்டல்மன் நோய். பொட்டாசியம், மக்னீசியம் மாத்திரை போடுகிறான். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் உப்பில்லாமல், ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருப்பேன் என்கிறான். சிறுநீரக நோய்க்கு உப்பைக் குறைப்பது நல்லதுதானே? – ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வேண்டாம் அம்மா. பல சிறுநீரக நோய்களுக்குச் சரியான அந்த அறிவுரை உங்கள் மகனுக்கு நேர்மாறு.

வடிகட்டிய உப்பைச் சிறுநீரக நுண்குழாயில் திரும்ப உறிஞ்சும் ஒரு புரதம் அவருக்குப் பழுது. உப்பு சிறுநீரில் போக, நீரும் கூடவே போகிறது. உடம்பில் நீர் வற்றுவதை உணர்ந்து சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. அதைத் தொடர்ந்து அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. இந்த ஹார்மோன் குழாயின் கடைசிப் பகுதியில் சோடியத்தை உள்ளே இழுத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. சாப்பாட்டில் உப்பு குறையக் குறைய ஆல்டோஸ்டிரோன் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிறகு மாத்திரை போடுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுதான்.

சைவ விரதம் தாராளமாக இருக்கட்டும். உப்புப் போட்ட கூழ், மோர், ரசம், ஊறுகாய் எல்லாம் வேண்டும். ஒருவேளைச் சாப்பாடு மட்டும் கூடாது. ஸ்லோ-கே என்ற 600 மில்லிகிராம் பொட்டாசியம் குளோரைடு மாத்திரையில் 8 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. அதை உணவோடு, ஒரு டம்ளர் நீரில், கடிக்காமல் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குடல் புண்ணாகலாம். மக்னீசியத்தையும் மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டும். மொத்தமாகப் போட்டால் வயிற்றுப்போக்கு வந்து உள்ளதும் போகும். மக்னீசியம் குறைந்தால் பொட்டாசியமும் நிற்காது. வாழைப்பழம் மாத்திரைக்கு ஈடாகாது: பொட்டாசியம் உண்டு, அதைத் தக்கவைக்கத் தேவையான குளோரைடு போதாது.

விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுங்கள். ரத்தத்தில் லிட்டருக்குப் பொட்டாசியம் 3.0 மில்லிமோலுக்கோ மக்னீசியம் 0.6 மில்லிமோலுக்கோ கீழே இருந்தாலோ, முன்பு மயங்கி விழுந்திருந்தாலோ, இந்த வருஷம் காவடி வேண்டாம். எடுப்பதாக இருந்தால், சிறுநீரக மருத்துவரின் சம்மதத்தோடு, விடியற்காலையில் உப்புக் கஞ்சியும் மாத்திரையும் கொடுத்தே அனுப்புங்கள். கோயில் ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டர்பன் கோடைப் புழுக்கத்தில் வியர்வையோடும் உப்பு போகும்.

விரல்கள் கூம்பி இழுத்தால், கால் துவண்டால், நெஞ்சு படபடத்தால் காவடியை உடனே இறக்கி மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி பேதி வந்தாலும் அன்றே போக வேண்டும். நோயின் பெயரையும் மாத்திரை அளவையும் எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருக்கட்டும். அவருடன் பிறந்தவர்களுக்கும் இந்த நோய் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.