போனில் மட்டும் கலர் கட்டமாகும் அம்புக்குறி

கேள்வி: வெளித்தளங்களுக்குப் போகும் இணைப்புகளின் பக்கத்தில் &#8599; என்று எழுதி ↗ குறியை வரவைக்கிறேன். கணினியில் எழுத்தின் நிறத்திலேயே சின்னதாக வருகிறது. சில போன்களில் கலர் கட்டத்துக்குள் வெள்ளை அம்பாக, இமோஜி மாதிரி தெரிகிறது. அதே குறியீட்டை, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் போட்டால் அம்பே வருவதில்லை, குறியீடுதான் அப்படியே பக்கத்தில் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இமோஜி மாதிரி என்ன, அது இமோஜியேதான். உங்கள் குறியீட்டில் தப்பு இல்லை.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஆளுக்கோர் எண் தரும் பட்டியல்தான் யூனிகோட். அதில் அம்புக்குறிகளுக்கென்று 8592 முதல் 8703 வரை 112 இடங்கள் கொண்ட தனித் தொகுதி உண்டு. அதில் முதல் நான்கும் (← ↑ → ↓) வெறும் எழுத்துகள், தொல்லை தராதவை. அடுத்த ஆறும், அதாவது 8596 முதல் 8601 வரை (↔ ↕ ↖ ↗ ↘ ↙), அப்புறம் வளைந்து திரும்பும் 8617, 8618 இரண்டும் (↩ ↪) அப்படியில்லை. அவற்றை எழுத்தாகவும் காட்டலாம், இமோஜியாகவும் காட்டலாம். எது வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் பிரவுசரும் போனில் உள்ள எழுத்துருவும் சேர்ந்து முடிவு செய்துவிடும். நீங்கள் பயன்படுத்தும் 8599 இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது.

எழுத்தாகத்தான் வேண்டும் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது:

&#8599;&#65038;

65038 கண்ணுக்குத் தெரியாத குறி. தனக்கு முன்னால் இருப்பதை எழுத்தாகக் காட்டச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள், விட்டால் பலிக்காது. இமோஜிதான் வேண்டும் என்றால் 65039. இதையும் மதிக்காத கருவி கண்ணில் பட்டால் ↗ குறியை எஸ்விஜி படமாகப் போட்டுவிடுங்கள். வெறும் → போதும் என்றால் இந்தத் தலைவலியே கிடையாது.

அடுத்து சிஎஸ்எஸ். &# என்று தொடங்கும் எழுத்துமுறை, பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லுக்கு உரியது, சிஎஸ்எஸ்ஸுக்கு அது வெறும் எழுத்துக் கோவை. அங்கே பேக்ஸ்லாஷ் போட்டு, பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணை மேற்கோள் குறிக்குள் தர வேண்டும். 8594-க்கு "\2192", உங்கள் 8599-க்கு "\2197". கண்ணுக்குத் தெரியாத 65038-ஐயும் இதே முறையில் ஒட்டிவிடலாம், அதன் பதினாறடிமான வடிவம் எஃப், ஈ, பூஜ்யம், ஈ.

இங்கே ஒரு பொறி உண்டு. அம்புக்குப் பின்னால் 5 என்ற எண் வர வேண்டுமென்று "\21925" என எழுதினால், பிரவுசர் ஐந்து இலக்கத்தையும் ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டு சம்பந்தமில்லாத வேறொரு குறியைத் தேடும். "\2192 5" என்று நடுவில் ஓர் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளி திரையில் வராது, எண் அதோடு முடிந்தது என்று காட்டத்தான்.

குறியீடே வேண்டாம், → என்று நேரடியாகவே தட்டச்சு செய்யலாமா? தாராளமாக. எனக்கே அதுதான் பிடிக்கும், நிரலைப் படிக்கும்போது என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கோப்பை யூடிஎஃப்-8 என்ற குறியேற்ற முறையில் (யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை) சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் (head) அதை அறிவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்பு இருந்த இடத்தில் தொப்பி போட்ட ஆங்கில ஏ, ஒரு குத்துவாள் குறி, ஒரு மேற்கோள் குறி என்று மூன்று துண்டுகள் வந்து நிற்கும். கோப்பு பல கைகள் மாறும் என்றால் &#8594; தான் பத்திரம்: அதில் இருப்பவை வழக்கமான குறியேற்றங்களில் மாறாத சாதாரணக் குறிகளும் எண்களும்தான்.

கடைசியாக, திரைவாசிப்பான், அதாவது பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள். ‘அடுத்தது →’ என்பதில் சில திரைவாசிப்பான்கள் அம்பையும் சேர்த்து வாய்விட்டுப் படிக்கும், சில தாண்டிப் போகும். பக்கத்தில் சொல் இருக்கும்போது அம்பு வெறும் அலங்காரம்தான், அதை ஒரு ஸ்பான் (span) குறிச்சொல்லுக்குள் வைத்து ஏரியா-ஹிடன் (aria-hidden="true") கொடுத்து மறைத்துவிடுங்கள். உங்கள் ↗ அப்படியல்ல, இணைப்பு வெளியே போகிறது என்ற தகவலே அதில்தான் இருக்கிறது. அதையும் மறைக்கலாம், ஆனால் ‘வெளித்தளம்’ என்ற சொல்லைத் திரைவாசிப்பானுக்கு மட்டும் எட்டும்படி கூடவே வையுங்கள்.