அமைச்சரை விமர்சித்தால் சிறைக்குப் போக வேண்டுமா?

இந்தியாவில் அரசியல்வாதிகளுக்கென்று தனி அவமதிப்புச் சட்டம் கிடையாது. இருப்பது அவதூறுச் சட்டம்: ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும்படி பேசினாலோ எழுதினாலோ 2 ஆண்டு வரை சிறை. நற்பெயரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, 2016-இல் உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்றது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அமைச்சரின் அரசுப் பணியைப் பற்றிய பேச்சு என்றால், அவருக்காக அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம். வாய்த்தகராறில் ஒருவர் மட்டும் ஊர்ப் பொதுப்பணத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது மாதிரி. எழுதியவர் சொந்தக் காசில் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். விடுதலையே ஆனாலும் அந்த அலைச்சலே தண்டனைதான்; அதைப் பார்க்கும் அடுத்தவர் எழுதவே தயங்குவார். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அப்புறம், உண்மையைச் சொன்னால் அவதூறே ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். கிரிமினல் வழக்கில் அது மட்டும் போதாது. பொதுநலனுக்காகச் சொன்னது என்பதையும் காட்ட வேண்டும்.