புரொபேஷனில் இருக்கும் பெண் கர்ப்பம்: வேலையை விட்டு நிறுத்தலாமா?

கேள்வி: 60 பேர் வேலை பார்க்கும் கம்பெனி நடத்துகிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரு பெண்ணைச் சேர்த்தோம். ஆறு மாதம் புரொபேஷன். நன்றாகத்தான் வேலை செய்கிறார். போன வாரம், தான் நான்கு மாதக் கர்ப்பம் என்று சொன்னார். "புரொபேஷனில் இருப்பவரைக் காரணம் சொல்லாமலே நிறுத்தலாம், இப்போதே கடிதம் கொடுத்துவிடுவோம். இனிமேல் விண்ணப்பத்திலேயே கல்யாணம், குழந்தை பற்றிக் கேட்டுவிடலாம்" என்கிறார் மேனேஜர். செய்யலாமா?

பதில்: கூடாது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "நன்றாகத்தான் வேலை செய்கிறார்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவரை நிறுத்துவதற்குக் கர்ப்பத்தைத் தவிர வேறு காரணமே இல்லை.

புரொபேஷனில் இருப்பவர் வேலைக்குப் பொருத்தமில்லை என்றால் அனுப்பலாம், உண்மைதான். ஆனால் கடிதத்தில் எழுதியிருப்பதோடு நீதிமன்றம் நின்றுவிடாது. எதற்காக எழுதினீர்கள் என்று தோண்டிப் பார்க்கும். இப்படி ஒரு ஃபைல் கைக்கு வந்தால் நான் முதலில் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்: அந்தப் பெண் கர்ப்பத்தைத் தெரிவித்த கடிதம், கம்பெனி கொடுத்த கடிதம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம்தான், அதற்கு முன் வேலையில் குறை சொல்லி ஒரு மெமோகூட இல்லை என்றால், மேற்கொண்டு படிக்க வேண்டிய தேவையே அநேகமாக இருக்காது.

நீரா மாத்தூர் வழக்கு இதே கதைதான். 1989-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் ஆறு மாதப் புரொபேஷனில் சேர்ந்தவர், பிரசவ விடுப்பு எடுத்தார். புரொபேஷன் முடிவதற்குள் வேலையை விட்டு நிறுத்தினார்கள். சேரும்போது நிரப்பிய படிவத்தில் பொய் சொல்லிவிட்டார் என்றது நிர்வாகம். உச்ச நீதிமன்றம் அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்றெல்லாம் கேள்விகள்! 1991-இல் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னதோடு, அந்தப் பத்திகளையே படிவத்திலிருந்து எடுக்கச் சொன்னது நீதிமன்றம். உங்கள் மேனேஜர் சேர்க்கச் சொல்வதும் அதே வகைப் பத்தியைத்தான்.

"அது அரசு நிறுவனம், நான் தனியார்" என்று நீங்கள் கேட்கலாம். சமத்துவம் பற்றிய அரசியல் சாசனத்தின் 14, 16-ஆம் பிரிவுகள் அரசைத்தான் கட்டுப்படுத்தும், சரி. ஆனால் பேறுகாலச் சட்டம் தனியாருக்கும் உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த உரிமைகள், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் வந்துவிட்டன. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு. ஐந்து மாதம் வேலை செய்தவர் அந்த 80 நாளை எப்போதோ தாண்டியிருப்பார். புரொபேஷன் என்பதால் இதில் ஒரு நாள்கூடக் குறையாது.

நிறுத்தினால் பணம் மிச்சம் என்று நினைத்துத்தான் பலர் தவறு செய்கிறார்கள். மிச்சம் ஆகாது. கர்ப்ப காலத்தில் எப்போது நிறுத்தினாலும், வேலையில் இருந்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும் பேறுகாலப் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். கடுமையான ஒழுங்கீனத்துக்காக நீக்கினால் மட்டுமே விலக்கு. விடுப்பில் இருக்கும்போது நீக்குவதும், வேலை நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவதும் தனியாகக் குற்றம். இன்னொன்று, அவர் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, தேவையான நாட்களுக்குப் பங்களிப்பும் கட்டியிருந்தால், பேறுகாலப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே கொடுக்கும், உங்கள் பையிலிருந்து போகாது.

விண்ணப்பப் படிவத்துக்கு வருவோம். ஆளெடுப்பதில் பாலினப் பாகுபாடு கூடாது என்பது முன்பு 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தில் இருந்தது, இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. குழந்தை பெறும் திட்டம் உண்டா என்று பெண்களிடம் கேட்கும் ஒரு பத்தி, நாளைக்கு உங்களுக்கு எதிரான சாட்சி. எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவந்தால்தான் வேலை என்பதற்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது. படிவத்தில் அப்படி ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சம்பளப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில் பெண் ஸ்டெனோக்களுக்குக் குறைந்த சம்பளம் கொடுத்த ஒரு தனியார் கம்பெனி, எங்களுக்கு நிதி வசதியில்லை என்றது. வசதியைப் பொறுத்ததல்ல சம ஊதியம் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 50 பேருக்கு மேல் இருப்பதால் குழந்தைகள் காப்பக வசதியும் உங்கள் பொறுப்பு. பக்கத்துக் கம்பெனிகளோடு சேர்ந்தும் செய்யலாம். அந்தப் பெண் திரும்பி வருவதற்குள் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இதுதான். மேனேஜர் இதையெல்லாம் மெயிலில் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். அழிப்பது இன்னும் பெரிய சிக்கல். அதற்குக் கீழேயே "இதை ஏற்கவில்லை" என்று பதில் போடுங்கள். ஆறாவது மாதம் முடிகிற அன்று, மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே பணி உறுதிக் கடிதம் கொடுங்கள். கர்ப்பத்தைக் காட்டிப் புரொபேஷனை நீட்டவும் வேண்டாம். அப்புறம், அவர் விடுப்பில் இருக்கும் மாதங்களுக்கு ஒருவரை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்திலேயே, இவர் திரும்பி வரும்வரைதான் இந்த வேலை என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.