நிலம் மாமனார் பெயரில், சாகுபடி என் கையில்: பயிர்க் காப்பீடு யாருக்கு?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தில் நான்தான் சம்பா வைக்கிறேன். பட்டா மாமனார் பெயரில். அறுவடை நேரத்து மழையில் கதிர் சாய்ந்து, வயலிலேயே நெல் முளைத்துவிட்டது. நிவாரணம் மாமனார் கணக்குக்குப் போனது. அடகில் இருப்பது என் நகை. காப்பீட்டை என் பெயரில் செய்ய முடியுமா?"

முடியும். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நில உரிமையாளர்தான் சேர வேண்டும் என்றில்லை. குத்தகைக்கும், வாரத்துக்கும் (விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை) பயிர் செய்பவர்களும் சேரலாம். சிக்கல் அடங்கலில்தான், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமப் பதிவேட்டில்தான் இருக்கிறது. நடவு முடிந்ததும் வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) அடங்கல் வாங்கும்போது, சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். அதற்கு மாமனார் ஒரு குத்தகை ஒப்பந்தமோ சம்மதக் கடிதமோ தர வேண்டியிருக்கும். எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் டெல்டாவில் பெரியவர்கள் பலருக்கு உண்டு. "இந்தப் பருவச் சாகுபடிக்கு மட்டும்" என்று குறிப்பிட்டு எழுதினால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

அடங்கல், சிட்டா (நில உரிமை விவரம்), ஆதார், உங்கள் வங்கிப் புத்தகத்தோடு இ-சேவை மையத்துக்கோ சொசைட்டிக்கோ (கூட்டுறவுக் கடன் சங்கம்) போங்கள். சம்பாவுக்கு நீங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. அந்த ஆண்டு அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே சர்வே எண்ணுக்கு மாமனாரும் பதிந்துவிடக் கூடாது, ஒரு வயலுக்கு ஒரு காப்பீடுதான்.

இழப்பீடு கணக்கிடும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். நிற்கும் பயிருக்குப் பெரும்பாலும் உங்கள் வயலை மட்டும் பார்ப்பதில்லை. அந்தப் பகுதியில் மாதிரிக்கு அறுத்துப் பார்த்து, சராசரி மகசூல் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். உங்கள் வயல் முழுக்கப் போயும் பணம் குறைவாக வருவது இதனால்தான். ஆனால் அந்த ஆண்டு அறிவிப்பில் அறுவடைக்குப் பிந்தைய இழப்பும் சேர்ந்திருந்தால், அறுத்து வயலில் காயப்போட்ட நெல் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தப்பிய மழையிலோ நனைந்தால், தனி வயலாகவே மதிப்பிடுவார்கள். 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற பயிர்க் காப்பீட்டு உதவி எண்ணில் சொல்லிவிடுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. தை அறுவடைக்கு வெயில் அடிக்கும் என்று நம்பியிருந்த காலம் போய்விட்டது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் மூழ்கியது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. ஒவ்வொரு நட்டத்துக்குப் பிறகும் ஆண்கள் வெளியூர் போகிறார்கள், வயலும் கடனும் பெண்கள் தலையில். 2023-இல் 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. அந்த மாதிரிப் பணம் காகிதத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும். இது எனக்கு ஆறாத கோபம்.

பிளஸ் டூ படிக்கும் மகளைக் கடனுக்காக மில் வேலைக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். நகையை மீட்க சொசைட்டியில் தவணை கேளுங்கள்; அடங்கலுக்கு இந்தப் பருவ நடவு முடிந்த வாரமே வி.ஏ.ஓ.வைப் பாருங்கள்.